லேப்பில் நான் மறைத்த மாத்திரை

வெட்கத்தால் நாலு வருஷமாக இதை எழுதாமல் இருந்தேன்.

படபடப்பு என்று விருத்தாசலத்தில் தைராய்டு டெஸ்ட்டுக்குப் போனேன். லேப் பெண், "வேற மாத்திரை எதுனா சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். முடி வளர ரகசியமாகச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொன்னால் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் கேலி செய்வாரே என்று, "இல்லம்மா" என்றேன்.

தைராய்டு மிக அதிகம் என்று வந்தது. "உடனே மருந்து ஆரம்பிக்கணும், விட்டா இதயத்தைத் தாக்கும்" என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் குறையைத் தாளில் எழுதி, கொளஞ்சியப்பராக இருக்கும் முருகன் சந்நிதியில் பிராதாகக் கட்டுவோம். 'நான் ஒரு தப்பும் செய்யவில்லை, முருகா' என்று எழுதியதும் பேனா நகரவில்லை. அவனிடமுமா பொய்?

லேப்புக்கு ஓடி உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ, அதுல இருக்குற பயோட்டின்ங்கிற வைட்டமின் ரிசல்ட்டையே மாத்திடும்மா! டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்தத் தொடாதீங்க."

"அம்பது வயசுல யாருக்குடி சடை?" என்றார் பின்னாலேயே லேப்புக்கு வந்த வீட்டுக்காரர். கேலிதான், ஆனால் அவர் குரலில் பயம் இருந்தது.

டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து மறுபடி எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். தைராய்டு சரியாகவே இருந்தது. இல்லாத நோய்க்கு மருந்து தின்றிருப்பேனே என்று இன்றும் பயப்படுகிறேன்.

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு இதை மாற்றாமல் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, நான் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.