பக்கத்துக் கட்டிலில் ஒரு கழுத்துவலி

பெங்களூருக்கு வந்த பிறகு சனிக்கிழமைதோறும் காலையில் ஒரு பெண்மணிக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறேன். விவேக் நகரில் என் வாடகை வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அக்குபங்சர் கிளினிக் நடத்தும் சுமித்ரா மேடம் அவர். நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, தூக்கம் எப்படி என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டு, என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஊசி செருகுவார். எங்கள் குடியாத்தத்தில் அக்குபங்சர்காரர் நாடி பார்த்து ஒரே ஒரு ஊசிதான் வைப்பார். சில சமயம் அதுவும் இல்லை. விரலால் தொட்டுவிட்டு, "பசிச்சா சாப்பிடுங்க, தூக்கம் வந்தா தூங்குங்க" என்று அனுப்பிவிடுவார். இங்கே நடப்பதைக் கேட்டு அம்மா போனில் சிரித்தாள். "என்னடி, உன்னை முள்ளம்பன்றி ஆக்கி வச்சிருக்காங்க?"

சிரிக்கட்டும். வேலை செய்தது ஊசியா, கூடவே செய்யும் உடற்பயிற்சியா, அரை மணி போனைத் தொடாமல் கிடப்பதா, யார் கண்டது! பின்னால் வரும் பஸ்ஸை இப்போது கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கிறேன். எனக்கு அது போதும்.

இந்தக் கழுத்துவலிக்கு ஒரு பெயர் உண்டு. ரகு சார், என் பழைய மேனேஜர். கழுத்துப் பிடித்து வலது கை மரத்துப்போன நாட்களில் டாக்டர் சீட்டோடு போய், கொஞ்ச நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டேன். டீம் மொத்தமும் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில், ஜெயந்தியின் கழுத்து திங்கட்கிழமை பார்த்துத்தான் வலிக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பேன்ட்ரியில் நானும் சேலத்துத் தோழியும் தமிழில் பேசினால் முகம் சுளித்து, "கன்னடா கலியிரி" என்பார். கன்னடம் கற்றுக்கொண்டேன், சோறு போடும் ஊரின் பாஷை, அதில் எனக்கு வருத்தமில்லை. என் வலியைப் பொய் என்றதைத்தான் விழுங்க முடியவில்லை. கம்பெனி மாறிய பிறகும் வயிறு எரிந்தது. வியாழக்கிழமை இங்குள்ள தேவாலயத்தில் எல்லாரும் பிள்ளைக்கும் வேலைக்கும் மெழுகுவத்தி ஏற்றும்போது நான், அந்த ஆளுக்கும் கழுத்துப் பிடிக்கவேண்டும், என் வலி நிஜம் என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும் என்று வேண்டி ஏற்றினேன். நான் கோயிலுக்குப் போகிறவள்தான். அதற்காக என் வேண்டுதலை அங்கே தள்ளிவிடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊசிகளோடு படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் யாரோ மேடத்திடம் கன்னடமும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரகு சார்! அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். திடீரென்று ஓர் அலறல்.

"அய்யய்யோ, வலிக்குதும்மா!"

மேடம் புரியாமல், "ஏனாய்த்து?" என்றார். "ஏனில்லா, ஏனில்லா", ஒன்றுமில்லை என்று அவர் அவசரமாகச் சமாளித்தார். அட, தமிழ்க்காரரா நீர்! இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தீரா! மேடம், "அலுகாடபேடி" என்று அவரை அசையக்கூடாதென எச்சரித்துவிட்டு வெளியே போனார். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. தோள் இறுகியதும் ஊசி சுருக்கென்றது. மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ரகு சார், நல்லா இருக்கீங்களா? நான் ஜெயந்தி. உங்க டெஸ்டிங் டீம்ல இருந்தேனே."

"ஓ... ஜெயந்தி. ஹவ் ஆர் யூ?"

"தமிழ்லயே பேசலாம் சார். இது பேன்ட்ரி இல்லையே. கழுத்தா?"

"ஆமா. ராத்திரியில படுக்கவே முடியலை. கையெல்லாம் மரத்துப்போவுது."

"ஆபீஸ் போறீங்களா?"

"இல்ல... வீட்லேர்ந்துதான்."

"யாரு சார் பர்மிஷன் குடுத்தாங்க? எல்லா நாளும் வலிக்குதா, திங்கட்கிழமை மட்டுமா?"

ஊசியோடு கிடக்கிற அவரால் ஓட முடியாது, போனை எடுத்து நோண்ட முடியாது, கதவைச் சாத்த முடியாது. அப்படி ஒரு ஆனந்தத்தை நான் தீபாவளிக்குக்கூட அனுபவித்ததில்லை.

"இவ்ளோ வலிக்கும்னு தெரியாதும்மா. நீங்க சொன்னது நெஜம்தான்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்க தாத்தா காலத்துலயே இங்க ஸ்ரீராம்புரத்துக்கு வந்துட்டோம். இருந்தாலும் தமிழன் தமிழ்ப் பொண்ணுக்குச் சலுகை குடுக்கறான்னு பேசுவாங்கன்னு பயம்."

"அதுக்கு என் கழுத்துதான் கெடச்சுதா?"

அவர் பேச்சை மாற்றி, "இந்த ஊசி கேக்குதா? உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு ஆசை.

"சுத்தமா கேக்கலை சார். வீண் வேலை" என்றேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நன்றாகத் தூங்கினேன்.

நேற்று சுமித்ரா மேடம் என் கழுத்தில் ஊசிகளை ஏற்றிக்கொண்டே, அவர் ஏன் வருவதில்லை என்று கேட்டார். "நிம்ம கடெயவரா?" உங்கள் பக்கத்து ஆளா என்கிறார்.

"இல்லா மேடம், அவரு இல்லியவரே" என்றேன். இந்த ஊர்க்காரரேதான். அவர் பயந்து பயந்து தேடிய இந்த ஊர்க்காரர் என்ற பெயரை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். எங்களில் ஒருவராக வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

மேடம் கடைசி ஊசியைச் செருகினார். "மத்தெ நீவு?" அப்படியானால் நீங்களும் இந்த ஊர்தானா என்கிறார்.

கழுத்து நிறைய ஊசி. ஆமென்றும் ஆட்ட முடியவில்லை, இல்லையென்றும் ஆட்ட முடியவில்லை.