செத்த பிறகுதான் பேசுவேன்

எங்கள் அணியில் முதலில் சாகிறவன் நான்தான். செல்போனில் ஆடுகிற ஆட்டம் அது. விமானத்திலிருந்து ஒரு கூட்டம் ஆட்கள் பாராசூட்டில் ஆளில்லாத ஊருக்குள் குதிப்பார்கள். நாலு நாலு பேராகச் சேர்ந்து மற்றவர்களைச் சுடவேண்டும். கடைசிவரை எந்த அணியில் ஆள் மிச்சமிருக்கிறதோ அந்த அணி ஜெயித்தது. நான் குதித்து, நிமிர்ந்து, துப்பாக்கி எங்கே என்று தேடுவதற்குள் எவனாவது சுட்டுவிடுவான்.

எனக்கு வயது நாற்பத்தாறு. படிப்பு ஐந்தாவது வரை. பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிக்குச் சுமை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்ட வருஷம் எங்கள் தெருவில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போனார்கள். நான் திருப்பதிக்கு வந்து ஒரு லாட்ஜில் அறை துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். என் கூச்சத்துக்கு ஏற்ற வேலை. ஆட்கள் போன பிறகுதான் நான் உள்ளே போவேன். மொட்டை போட்டவர்களின் சந்தனம் தலையணை உறையில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். முகத்தை நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று.

தரிசனம் முடித்தவர்கள் காலி செய்துபோன பிறகு, மத்தியான ரயிலில் வருகிறவர்கள் வந்து சேரும்வரை ஒரு மணி நேரம் லாட்ஜ் சும்மா இருக்கும். அப்போது பெட்ஷீட் அடுக்கும் அறையில் மூன்று பேர் உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் ரிசப்ஷன்காரர், தெலுங்கர், டிகிரி படித்தவர், அணிக்குக் கேப்டன். இன்னொருவன் லிப்ட் ஓட்டுகிற என் மச்சான், என் மனைவியின் தம்பி. மூன்றாமவர் சமையல்காரர். சொந்தக்காரர்கள் எல்லாம் மலைமேல் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் ஐயங்கார் குடும்பம். அணியில் குறி தவறாமல் சுடுகிறவர் அவர்தான். சுட்ட ஒவ்வொருவனுக்காகவும், “பெருமாளே, மன்னிச்சுக்கோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்தவனைச் சுடப் போவார்.

நாலாவது ஆள் வேண்டியிருந்தது. மச்சான் என் கையில் போனைத் திணித்தான். வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் திறக்கவேண்டுமே, அதனால் சேர்ந்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காலையில் வேகமாகப் பெருக்க ஆரம்பித்தேன். ஒன்பது வருஷத்தில் அந்த லாட்ஜில் நாலு பேரில் ஒருவனாக நான் உட்கார்ந்தது அங்கேதான்.

அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

“ரைட்டுல, ரைட்டுல!” என்பான் மச்சான்.

“யாரு ரைட்டு அண்டி? மீ ரைட்டா, நா ரைட்டா? உங்க பக்கமா, என் பக்கமா?” என்பார் கேப்டன்.

“சித்த ரெண்டு பேரும் சும்மா இருங்கோளேன், அவன் இங்க வந்துண்டிருக்கான்!” என்பார் சமையல்காரர்.

அதற்குள் மூவரும் செத்திருப்பார்கள். பிறகு மூவரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். “நீ வாயில இன்னா வெச்சிக்கினு கீற மாமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்பான் மச்சான். எதிரே மூன்று முகம் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

ஒற்றுமையாக ஆடுவது எப்படி என்று கேப்டன் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்தார். சுவரில் தாள் ஒட்டினார். ஒருவர் முன்னால் போகவேண்டும், ஒருவர் பின்னால் காக்கவேண்டும், ஒருவர் மட்டும் பேசவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் அன்றைய ஒரு மணி நேரமும் முடிந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கடை திறந்த செல்போன்காரர் ஒருவர் கல்யாண மண்டபத்தில் இந்த ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார். எதிர் லாட்ஜ்காரர்களும் பேர் கொடுத்திருந்தார்கள். கேப்டன் என்னிடம் வந்தார். “கோபம் வத்து அண்ணய்யா, கோச்சிக்காதீங்க. ட்ராவல்ஸ் டாக்ஸிக்காரர் ஒருத்தர் நல்லா சுடறாரு. இந்த வாரம் பார்ப்போம். சரி வரலைன்னா, உங்க இடத்துல அவரு.”

தலையாட்டினேன். அன்று நாலு அறையில் சோப்பு வைக்க மறந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் நூற்றுப்பன்னிரண்டாம் அறையில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் வழக்கம்போல் ஏற்கெனவே செத்திருந்தேன். செத்தவன் போனில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பேசவும் செய்யலாம். போனைச் சட்டைப்பையில் வைத்துக் காதில் மாட்டியதைக் கழற்றாமல் போனேன். துடைத்து முடித்து, ஜன்னல் ஓரம் நின்று போனை எடுத்துப் பார்த்தேன். சமையல்காரர் ஒரு வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அதே வீட்டைக் கொஞ்சம் முன்னால் அவர் கடந்துபோனபோது கதவு சாத்தியிருந்தது. இப்போது திறந்திருந்தது.

கதவு விஷயத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. சாத்திவிட்டுப் போன கதவு திறந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நுழையக்கூடாது.

“சாமி, நில்லு. அந்தக் கதவு மூடிக்கினு இருந்திச்சி. உள்ள ஆளு கீறான்” என்றேன்.

சமையல்காரர் நின்றார். குண்டு போட்டார். உள்ளே இருவர். பெருமாளிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் நான் பார்த்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். முதல்முறையாக ஜெயித்தோம்.

திரும்பிப்போனபோது கேப்டன், “அந்தக் குரல் யாரு?” என்றார்.

“எங்க மாமாதான்” என்றான் மச்சான். “அஞ்சாறு வருஷம் கழிச்சி எனுக்கே இப்பத்தான் அவரு குரலு ஞாபகம் வருது.”

ஏன் முன்பே பேசவில்லை என்று கேட்டார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மண்டி முறையைச் சொன்னேன். தோளில் கூடை இருக்கிறவன் வாய் திறக்கக்கூடாது. பாரத்தோடு பேசினால் மூச்சும் தவறும், காலும் தவறும். இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவன்தான் “பலகை ஆடுது, இடது பக்கமா ஏறு” என்று சொல்லவேண்டும். துப்பாக்கி வைத்திருக்கிற நீங்கள் பாரக்காரர்கள், செத்தவன் வெறுங்கைக்காரன்.

கேப்டன் சுவரில் இருந்த தாளைக் கிழித்தார். அதன்பிறகு பேசுவது என் வேலை. ஆனால் அதற்கு நான் சாகவேண்டும். “மாமா, இன்னிக்கி சுருக்கா செத்துரு” என்பான் மச்சான். “இன்னுமா உசுரோட இருக்கேள்?” என்று சமையல்காரர் கவலைப்படுவார். முகம் தெரியாமல் இருக்க என்னை அலமாரிப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்கள். தொடர்ந்து ஜெயித்தோம். ஆனாலும் கேப்டன் டாக்ஸிக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடவில்லை. “போட்டி கானி அண்ணய்யா, அது முடியட்டும். அப்புறம் சொல்றேன்” என்றார்.

மண்டபத்தில் அலமாரி இல்லை. மேடையில் ஜனங்களைப் பார்த்து உட்காரச் சொன்னார்கள். நாற்காலியைத் திருப்பிப் போடக் கேப்டன் கேட்டுப்பார்த்தார், விடவில்லை. “ரூம் சர்வீஸ் வந்துட்டாங்கடோய்! இன்னா, சோப்பு கொண்டாந்தீங்களா?” என்று எதிர் லாட்ஜ்காரன் ஒருவன் கத்தினான். ஆட்டம் தொடங்கியது. குதித்த உடனே கண்ணில் பட்ட வீட்டுக்குள் ஓடி, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்றுவிட்டேன்.

பயத்தில் செய்ததுதான், ஆனால் அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. அறையைக் காலி செய்கிறவர்கள் கட்டிலுக்கடியில் பார்ப்பார்கள், அலமாரியில் பார்ப்பார்கள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒருவரும் பார்ப்பதில்லை. எத்தனை துண்டு, எத்தனை வேட்டி அங்கிருந்து எடுத்திருக்கிறேன்! ஆட்டத்திலும் அப்படித்தான். வந்தார்கள், தேடினார்கள், போனார்கள்.

“மாமா, செத்துட்டியா?” என்றான் மச்சான்.

“இல்ல.”

“இன்னும் சாவலியா? இன்னா மாமா பண்ணிக்கினு கீற அங்க?”

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சாகத் தெரியவில்லை. நான் உயிரோடு இருந்ததால் அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. பழைய வழக்கப்படி மூவரும் கத்தினார்கள், ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். கடைசியில் எதிர் லாட்ஜ்காரர்கள் இருவர், எங்கள் அணியில் நான் ஒருவன்.

இப்போது வெறுங்கைக்காரர்கள் மூன்று பேர். மூவரும் என் காதுக்குள் ஏறினார்கள்.

“ஜன்னல்ல குதி மாமா!”

“வத்து, வத்து! லோபலே உண்டு, உள்ளேயே இரு!”

“படுத்துக்கோங்கோ!”

கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று பேர் சொல்கிற வழியில் எப்படி ஏறுவது?

“ஒருத்தர் பேசுங்க! மத்த ரெண்டு பேரும் வாய மூடுங்க!”

அது என் குரல் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. முன்னால் நானூறு கண் இருந்திருக்கும். கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்காரரைக் கை காட்டினார். அவர் மெதுவாகச் சொன்னார்: “கதவிடுக்குல நிழல் ஆடறது. பொறுங்கோ. பொறுங்கோ. இப்போ!”

சுட்டேன். ஒருவன் விழுந்தான். அந்த ஆட்டத்தில் நான் சுட்ட முதல் ஆள் அவன். அவன் விழுந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதில் இரண்டாமவன் என்னைச் சுட்டுவிட்டான். சமையல்காரர் எனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு இரண்டாம் இடம்.

லாட்ஜுக்கு நடந்து வரும்போது யாரும் என்னிடம் பேசவில்லை. எல்லோரையும் வாயை மூடச் சொன்னவனிடம் என்ன பேசுவார்கள்? மறுநாள் மத்தியானம் பெட்ஷீட் அறைக்கு நான் போகவில்லை. டாக்ஸிக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவேண்டாம் என்று முதல் மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லிப்ட் கதவு திறந்தது. மூன்று பேரும் நின்றார்கள்.

“டைம் ஆயிடுச்சி அண்ணய்யா, ராண்டி, வாங்க” என்றார் கேப்டன். “டாக்ஸிக்காரரை வேற டீம் பார்த்துக்கச் சொல்லிட்டேன்.”

“மாமா இனிமே சாவக்கூடாது” என்றான் மச்சான். “பாத்ரூம்லயே கடைசி வரிக்கும் நிக்கட்டும்.”

“அப்போ யார் சாகறது? யார் பேசறது? நீங்க செத்துக்கோங்கோ, எனக்கு சுடற வேலை இருக்கு” என்றார் சமையல்காரர்.

“கேப்டன் எப்படி அண்டி மொதல்ல சாவறது!”

பேசிக்கொண்டே மூவரும் வராந்தாவுக்குள் காலை வைக்கப் போனார்கள்.

“ஈரமா கீது. அங்கயே நில்லுங்க” என்றேன்.

நின்றார்கள். தரை காய்கிறவரைக்கும் லிப்டுக்குள்ளேயே நின்று, யார் முதலில் சாவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.