குடுவைக்கு மேல் ஒரு தாடி

குடுவையின் உள்சுவரைக் கண்ணாடிக் குச்சியால் கரகரவென்று சுரண்டிக்கொண்டே, இடது கையால் தாடியை மூன்று முறை உருவிவிடுவார் வேம்புலி. தாடி சரியாகக் குடுவையின் வாய்க்கு மேலே தொங்கும். "வா கண்ணு, வெக்கப்படாத" என்பார். அரைமணி நேரத்தில் உள்ளே இருக்கும் திரவத்தில் படிகம் பிடித்துவிடும். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக உதவியாளர். சம்பளம் குடுவை கழுவுவதற்கு. மரியாதை முழுக்கத் தாடிக்கு.

தாடியிலிருந்து உதிரும் தூசைப் பிடித்துக்கொண்டுதான் படிகம் வளர்கிறது என்பது ஆராய்ச்சி மாணவர்களின் கணிப்பு. வேம்புலிக்கு அதில் வருத்தம். "தூசா? டெய்லி சீக்கா போட்டு கயுவுறேன் நைனா!"

அங்கே தயாராவது பாஸ்பரஸ்-நைட்ரஜன் வளையங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடம் வேம்புலியுடையது. "மூணு பாஸ்பரஸு, மூணு நைட்ரஜனு, ஒண்ணு உட்டு ஒண்ணு கை கோத்துகினு கும்மி அடிக்குது. ஒவ்வொரு பாஸ்பரஸு தோள்லயும் ரெண்டு குளோரினு குந்திகினு கீது. அத்த எறக்கி உட்டு வேற ஆள ஏத்துறதுதான் நம்ம தொழிலு." ஈரம் பட்டால் அந்தச் சரக்கு புகைந்து மூக்கை எரிக்கும். அதனால் நனைந்த குடையோடு துறைத்தலைவரே வந்தாலும் வாசலோடு நிறுத்திவிடுவார்.

ஆராய்ச்சி மாணவி பவித்ரா ஏழு மாதம் பாடுபட்டு ஆறு குளோரினையும் இறக்கிவிட்டாள். கிடைத்ததோ விளக்கெண்ணெய் மாதிரி ஒரு கொழகொழப்பு. அது படிகமானால்தான் எக்ஸ்ரே எடுத்து உருவத்தை நிரூபிக்கலாம், ஆய்வேட்டை முடிக்கலாம். எக்ஸ்ரேக்கு வெள்ளிக்கிழமை இடம் கிடைத்திருந்தது. விட்டால் அடுத்த வருடம்தான். வேம்புலி இரண்டு நாள் சுரண்டினார், உருவினார், கொஞ்சினார். அது அசையவில்லை. வியாழக்கிழமை காலை திருவேற்காட்டில் அவருக்கு மொட்டை. மகள் பானுப்பிரியா நர்ஸிங் தேறினால் முடியும் தாடியும் அம்மனுக்கு என்று வேண்டுதல்.

"அண்ணா, முடியை மட்டும் குடுத்துட்டு, தாடியை அடுத்த வாரம் குடுக்கக் கூடாதா?" என்று கெஞ்சினாள் பவித்ரா.

"பாதி இப்ப, பாதி அப்பறம்னு அனுப்ப அது இன்னா டிபன் பார்சலா பாப்பா?"

கேட்டுவிட்டாரே தவிர, அவருக்கும் கவலைதான். தாடி போனால் நம்மை யார் மதிப்பார்கள் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு.

வியாழன் மதியம் மழித்த முகமும் தலை நிறையச் சந்தனமுமாகத் திரும்பினார். பவித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அயுவாதமா, குச்சி கீதுல்ல" என்று குடுவை மேல் குனிந்து சுரண்டினார். பழக்கதோஷம், இடது கை தாடியைத் தேடிப் போனது. ஒன்றும் அகப்படாமல், அசடு வழிய, தலையைச் சொறிந்தது. காய்ந்த சந்தனம் பொலபொலவென்று குடுவைக்குள் உதிர்ந்தது.

"ஐயோ அண்ணா!" என்று குடுவையைப் பிடுங்கிய பவித்ரா அப்படியே நின்றுவிட்டாள். சந்தனத் துகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஊசிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

சேதி பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற ஆராய்ச்சி மாணவர்களும் ஆளுக்கொரு குடுவையோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

"மொதல்ல ஃபேன ஆஃப் பண்ணுங்கபா" என்றார் வேம்புலி. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் குடுவைக்கு மேலே தலையைக் குனிந்து கொடுத்தார்.