மூக்குப்பொடியும் வெள்ளைத் துண்டும்

ஊரார் துணியைத் துவைத்துப் பிழைக்கும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்: கறை போட்டவரை யாரும் கேட்கமாட்டார்கள், துவைத்தவளைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில், லிவர்மோர் என்கிற ஊரில், ஒரு தியான மையத்தில் துண்டு துவைக்கிறேன். நடத்துகிறவள் ஷாலினி, சென்னைப் பெண், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தாள். எனக்குக் கார் ஓட்ட வராது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எனக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

மருந்து

சனிக்கிழமைதோறும் இங்கே 'ஹாப்பே' உண்டு. அமேசான் காட்டு மக்களின் பொடி அது. புகையிலையும் மரச்சாம்பலும் கலந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தவரின் மூக்கில் குழலை வைத்து ஷாலினி ஊதுவாள். முதல் நாள் கார்த்திக் என்று ஒரு இன்ஜினியர் பையன். ஊதியதும் கண்ணீர், இருமல். மூக்கிலிருந்து பழுப்பாக ஒழுகியதை வெள்ளைத் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, இது நம்ம ஊர் மூக்குப்பொடிதானே?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "ஐயோ ஆன்ட்டி, அது அடிக்‌ஷன். இது மெடிசின்!"

வெள்ளை

எலுமிச்சை போட்டேன், பிளீச் போட்டேன், ஊறவைத்துக் கசக்கினேன். பொடிக்கறை அசையவில்லை. எங்கள் அப்பா பொடி போடுகிறவர்; அவர் கர்ச்சீப் எப்போதும் மெரூன் கலர்தான். பொடி போடுகிற யாரும் வெள்ளை வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இதை ஷாலினியிடம் நாலு தரம் சொன்னேன்.

"மெரூனா? இது என்ன சலூனா ஆன்ட்டி? ஒயிட்தான் ப்யூர். மாசக் கடைசிக்குள்ள கறை போகலைன்னா லாண்டரி கம்பெனிக்குக் குடுத்துடுவேன்."

தும்மல்

அடுத்த வாரம் ஒரு அம்மா வந்தார். குழல் மூக்கில் இருக்கும்போதே தும்மிவிட்டார். பொடி முழுக்க வந்த வழியே திரும்பி ஷாலினி முகத்திலும் வெள்ளைக் குர்தாவிலும் அப்பியது. அந்த அம்மா "ஸாரி, ஸாரி" என்று பதறினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஷாலினி வேறு குர்தா மாற்றிக்கொண்டு வந்து, கறையானதை என் கையில் திணித்தாள்: "இதுவும் நாளைக்குள்ள வெள்ளையா வேணும் ஆன்ட்டி."

வந்தவர்

மாசக் கடைசியில், பொடி செய்கிற அந்த அமேசான் மக்களில் ஒருவரையே ஷாலினி வரவழைத்தாள். அமைதியான மனிதர். மொழிபெயர்க்க ஒரு பெண் கூட வந்தாள். அவர் பொடி போட்டுக்கொண்டதும் ஷாலினி இரண்டு கையாலும் வெள்ளைத் துண்டை நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மூக்கைத் துடைத்தார். கருஞ்சிவப்பு! அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு துண்டைக் காட்டி ஏதோ கேட்டுச் சிரித்தார்.

அந்தப் பெண் சொன்ன இங்கிலீஷ் எனக்கே புரிந்தது: "இந்த வெள்ளையை எல்லாம் துவைக்கிற பாவப்பட்டவங்க யாருன்னு கேட்கிறார்."

நான் கையைத் தூக்கினேன்.

மெரூன்

திங்கட்கிழமை பெட்டி நிறைய மெரூன் துண்டு வந்து இறங்கியது. லாண்டரி கம்பெனிப் பேச்சே காணோம். ஷாலினி ஒரு துண்டை விரித்துப் பிடித்தாள்.

"எப்படி ஆன்ட்டி என் ஐடியா? எர்த் கலர்!"

என் வேலை தப்பித்தது. புது மெரூன் முதல் துவைப்பில் சாயம் விடும், வெள்ளைக் குர்தாவோடு போடக்கூடாது என்பதை நானே சொல்வதா, இல்லை அந்த மனிதர் மறுபடி வந்து சொல்லட்டும் என்று விடுவதா என்பதுதான் இப்போது யோசனை.