வீரம்மா குறுக்கே வந்த காலை

போன வாரம் முத்துவேல் அண்ணாச்சி எனக்கு போன் செய்தார். அவர்தானா என்று இரண்டு முறை நம்பரைப் பார்த்துக்கொண்டேன். காரணம்... மெதுவாகப் பேசினார்.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி கமிஷன் கடை வைத்திருக்கிறார். கம்பு, உளுந்து, மல்லி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து போகும் கடை. அவர் அடுத்த ஊரான பாலவனத்தத்துக்கு போன் பேசினால், அங்கே இருப்பவருக்கு போன் தேவையே இல்லை. அப்படிப்பட்டவர் கிசுகிசுத்தால் என்ன நினைப்பது? ஒன்று ஆஸ்பத்திரி, இல்லையென்றால் ரெய்டு.

"ஒண்ணுமில்ல தம்பி. பூன தூங்குது" என்றார். "ஞாயித்துக்கெழம காலைல வீட்டுக்கு வா. பைக்கத் தெருமுனையிலயே நிப்பாட்டிட்டு நடந்து வா."

சரி, அந்தப் பூனையின் கதைக்கு வருவோம்.

ஜெசிந்தா டீச்சர் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பைபாஸ் ஓரம் மூடிக்கிடந்த பருத்தி ஜின்னிங் ஷெட் ஒன்றில், ரோட்டில் அடிபட்ட, விரட்டப்பட்ட ஜீவன்களையெல்லாம் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டுக்காரர்கள் இடத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நாய்களுக்கு வீடு கிடைத்தது. மற்ற பூனைகளுக்குக் கிடைத்தது. கால் ஒடிந்த கழுதைக்கே ஒரு புண்ணியவான் கிடைத்தார். மிச்சம் வீரம்மா மட்டும்தான்.

வீரம்மா என்பது டீச்சர் வைத்த பெயர். கணக்கு டீச்சர்களுக்கும் கிண்டல் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சாம்பல் நிறப் பூனை என்று கேள்வி. முழுசாகப் பார்த்தவர் யாருமில்லை. பழைய மெஷினுக்கு அடியில் ஒரு வால் தெரியும், அவ்வளவுதான்.

பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டால் வழி தெரியாது, திரும்பி வராது என்று நம் ஊரில் ஒரு கைவைத்தியம் உண்டல்லவா? யாரோ அதைக் கொஞ்சம் சுருக்கி, ஓடும் வண்டியிலிருந்து சாக்கை அப்படியே பைபாஸில் வீசியிருக்கிறார்கள். டீச்சர் அவிழ்த்தபோது உள்ளே இரண்டு குட்டிகள். ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அன்று முதல் வீரம்மாவுக்கு மனிதர் என்றால் பயம், சத்தம் என்றால் பயம், சாக்கு சரசரத்தால் உயிரே போய்விடும்.

ஷெட்டை இடிக்க ஜேசிபி வந்தால் அவள் ஓடுவாள். எங்கே ஓடுவாள்? வெளியே இருப்பது நாலுவழிச் சாலை. டீச்சருக்கு அந்த ஒரு கவலையில் தூக்கமே போய்விட்டது.

நீயே வளர்க்க வேண்டியதுதானே என்கிறீர்களா? என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பால்காரருக்கு வாலாட்டும் அந்த வீரன், பூனை என்றால் மட்டும் கடமை தவறாதவன்.

எனவே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். வாலின் போட்டோதான். ஹார்ட் வந்து குவிந்தது. கும்பிடு வந்தது. 'மனிதம் வாழ்க' வந்தது. ஹார்ட் போட்ட ஒருவரும் வீட்டு அட்ரஸ் போடவில்லை.

பரளச்சியிலிருந்து ஒருவர் மட்டும் போன் செய்தார். "எலி பிடிக்குமா?" டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. "எலியப் பாத்தா இது ஓடிரும்ங்க" என்றார். போன் கட். அப்புறம் விருதுநகரிலிருந்து ஒரு இளம் ஜோடி, ரீல்ஸ் எடுக்க ஸ்டாண்டு, லைட்டு சகிதம் வந்தது. முக்கால் மணி நேரம் வாலையே வீடியோ எடுத்தது. வால் ஒத்துழைக்கவில்லை என்று கிளம்பிப் போனது.

கடைசியாக வந்தவர் சரஸ்வதி மதினி. அண்ணாச்சியின் மனைவி. மதினி பூனையைக் கூப்பிடவில்லை, குனிந்து தேடவில்லை. மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டுவந்த மல்லிகைப்பூவைக் கட்ட ஆரம்பித்தார். யாரோடும் பேச்சில்லை. இரண்டு முழம் முடிந்தபோது, சரத்தின் நுனியை ஒரு சாம்பல் மூக்கு மோந்து பார்த்தது. டீச்சர் சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மதினி.

மதினி சொல்லிவிட்டால் போதுமா? அண்ணாச்சி இருக்கிறாரே.

"காலங்காத்தால கடை தெறக்கப் போகும்போது பூன குறுக்க வந்தா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று அவர் கேட்டது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

"அது குறுக்க வரணும்னா மொதல்ல வெளிய வரணுமே அண்ணாச்சி" என்றார் டீச்சர். கணக்கு டீச்சரின் லாஜிக் வியாபாரியிடம் எடுபடவில்லை.

"அம்மங்கிட்ட பூக் கேட்டுருவோம்" என்று முடித்துவிட்டார்.

அண்ணாச்சி பூக் கேட்காமல் செய்வது பல் தேய்ப்பது ஒன்றைத்தான். ஃபிரிட்ஜ் வாங்கப் பூக் கேட்டார். அது என்ன கலர் என்பதற்கும் கேட்டார். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் மூச்சு விடக்கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தும் பார்க்கக்கூடாது. அது அம்மனையே சந்தேகப்படுவதாம்.

பொட்டலம் மடித்தவர் மதினி. எடுத்தவன் நான். ஒரு பூனையின் ஆயுள் என் இரண்டு விரலில் இருந்தது. பிரித்தேன்... மல்லிகை.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற பொட்டலத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்து பிரித்தும் பார்த்துவிட்டேன். பத்தி எழுதுகிறவனுக்குச் சந்தேகம் தொழில் தர்மம். அதிலும் மல்லிகை.

வாயைத் திறப்பேனா?

மறுநாள் அண்ணாச்சி பூனையை அழைத்துப்போக வந்தார். கையில் என்ன என்கிறீர்கள்? சாக்கு.

"புதுச் சாக்கு டீச்சரம்மா. இன்னும் ஒரு லோடுகூட ஏத்தல" என்று பெருமையாக உதறினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் உலகத்தில் எந்தப் பொருளும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சாக்கில்தான் போகும். ஆனால் அந்தச் சரசரப்பு கேட்டதும் மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைக் குரல் என்றே சொல்ல முடியாது. வீரம்மா சுவரில் ஏறி, கூரை இரும்புக்கும் தகரத்துக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டாள். அந்த உயரத்திலும் அவள் நடுங்குவது கீழே தெரிந்தது.

டீச்சர் அப்போதுதான் பழைய சாக்கின் கதையை அவரிடம் சொன்னார். இரண்டு குட்டிகள் என்பதையும் சொன்னார்.

அண்ணாச்சி சாக்கை மெதுவாக, சத்தம் வராமல் நாலாக மடித்தார். வெளியே கொண்டுபோய் வண்டியில் வைத்தார். மதினியை அழைத்துவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார். மதினி மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூக் கட்ட ஆரம்பித்தார். வீரம்மா இறங்கி வந்தபோது சாயங்காலம். தக்காளி டிரே ஒன்றின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்துக் கட்டி, அதற்குள் வைத்து, அண்ணாச்சியே மடியில் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் போனார். அன்று கடை திறக்கவே இல்லை.

அந்த வீட்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை போனேன். உத்தரவுப்படி தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு. டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸி பின்கட்டுக்குக் குடிபோயிருந்தது. அண்ணாச்சி கடைச் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரெண்டாவது பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்துட்டதான?" என்றார் கிசுகிசுப்பாக.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அதுலயும் மல்லிதான?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "எனக்குப் பொண்ணு குடுக்குறதுக்கு முந்தி, எங்க மாமனார் வீட்லயும் அம்மங்கிட்ட பூக் கேட்டாக. அன்னைக்கும் பொட்டலம் மடிச்சது இவதான்."

அப்போது அலமாரிக்கு அடியிலிருந்து வீரம்மா வெளியே வந்தாள். வால் மட்டுமல்ல, முழுப் பூனை. கடைக்குக் கிளம்பி உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் காலுக்கும் வாசலுக்கும் நடுவே, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு, நிதானமாகக் குறுக்கே போனாள்.

அண்ணாச்சி அன்று கடைக்கு அரை மணி நேரம் லேட். சகுனத்துக்காக இல்லையாம்... எழுந்தால் நாற்காலி கிறீச்சிடுமாம்.