குடிலில் நின்ற காரின் வலது பக்கம்

என் மாமனார் ஓசூரில் மரக்கடை வைத்திருந்தார். கடையை மூடிய பிறகு மரத்தில் சின்னக் கார்கள் செய்வார். சாலையில் ஓடும் கார்களை அவர் சீந்தியதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்து பார்த்துக் கைவிட்ட கார்கள்தான் அவருக்கு வேண்டும். பெங்களூரில் எடைக்கு விற்கும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் அவற்றின் படங்களைத் தேடுவார். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து வரும் வெட்பாலைக் கட்டையில், நிஜக் காரின் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் செதுக்குவார்.

படத்தில் தெரியாததை மட்டும் செய்ய மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான வருஷம், நீர்த்துளி வடிவத்தில் மூன்று சக்கரக் கார் ஒன்று செய்தார். கிடைத்த படத்தில் இடது பக்கம்தான் இருந்தது. நிறம் பச்சை என்று கீழே போட்டிருந்தது. இடது பக்கம் பச்சையாகப் பளபளக்க, வலது பக்கம் வெறும் கட்டையாக நின்றது.

"பாதி சவரத்துல எழுந்து வந்த மூஞ்சி மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

"அந்தப் பக்கத்தை நான் பார்க்கலையே."

"பொண்ணு பார்க்க வந்தப்ப என்னையும் ஒரு பக்கமாத்தான் பார்த்தீங்க. மீதியை வேண்டாம்னா விட்டீங்க?"

அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலைக் கூடத்தின் நடுவே மேஜைமேல் வைப்பார்கள். தெருவே வந்து சுற்றிப் பார்க்கும். மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களுக்குப் பின்னால் அந்த வருஷத்துக் கார் நிற்பது வழக்கம். பாதியில் நின்ற காரை வைக்க அவருக்கு மனமில்லை. குடில் காரில்லாமல் போகும் என்று டிசம்பர் தொடக்கத்திலிருந்தே முகம் வாடியிருந்தார்.

நான் அப்போது பெங்களூரில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். ஆபீசுக்கு வந்த வெளிநாட்டு இதழ் ஒன்றில் அதே கார், வலது பக்கம் தெரிய நின்றது. பண்டிகைக்கு முந்தின நாள் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இதழை வாங்கிய மாமனார் வா என்றுகூடச் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து வெறும் கட்டைப் பக்கத்தில் கதவை வரைய உட்கார்ந்துவிட்டார்.

காப்பி குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் ஒருவர் கோட்டுப் போட்டு நின்றார். கோட்டின் மேல்பை வலது மார்பில் இருந்தது. ஆண்கள் கோட்டில் அது இடப்புறம்தான் வரும். படம் இடம் வலமாக மாறி அச்சாகியிருந்தது. எங்கள் ஆபீசிலும் நடக்கிற தப்புதான். மாமனாரிடம் இருந்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே ஆள், அதே இடது பக்கம்; புதியதில் திரும்பி விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

சொன்னேன். பென்சில் நின்றது.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் மாப்ள. நாளைக்கு வர்றவங்க கோட்டுப் பையையா பார்க்கப் போறாங்க?" என்றார் மாமியார்.

மாமனார் இரண்டு படங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உப்புத்தாளால் பென்சில் கோடுகளைத் தேய்த்து அழித்தார். எழுந்து போய்க் காரைக் குடிலில், ஒட்டகங்களுக்குப் பின்னால் வைத்தார். மாமியார் வெறும் பக்கத்தை மறைத்து நாலு மண் ஆடுகளை நிறுத்தினார். மாமனார் அவற்றை எடுத்துத் தள்ளி வைத்தார்.

மறுநாள் முழுவதும் அந்தப் பக்கமாகவே நின்றார். சுற்றி வந்த ஒவ்வொருவரிடமும், "இந்தப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கல" என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார். குனிந்து பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் நின்று கேட்டார்.

"எப்ப பார்ப்பீங்க?"

"அடுத்த வாரம் மாப்ளகூட பெங்களூர் போய்ப் படம் தேடப் போறேன்" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும்.