கறை படாத கவுன்

ஜெர்மனியில் என் மகள் போகும் காப்பகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு கொக்கி உண்டு. கொக்கிக்கு மேலே பிள்ளையின் போட்டோ, கீழே ஒரு துணிப்பை. அன்றைக்கு அழுக்கான உடுப்பையெல்லாம் அந்தப் பையில் திணித்து வைத்திருப்பார்கள். பக்கத்துக் கொக்கிக்காரப் பையனின் பையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அவன் அப்பா அதை ஏதோ போட்டியில் ஜெயித்த கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு போவார். என் மகள் மீனுவின் பை மட்டும் எப்போதும் காலி. காலையில் போட்டுவிட்ட கவுன், இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் மத்தியானமும் அவள் மேலேயே இருக்கும். எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரே பெருமை. நம்ம பிள்ளை எவ்வளவு பதவிசு பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கத்ரின் என்ற பெண்மணி கொக்கியருகே என்னை நிறுத்தினார். "இன்றைக்கும் உடுப்பு சுத்தமாக இருக்கிறது" என்றார். நான் பல்லெல்லாம் தெரிய நன்றி சொன்னேன். "மதுரையில் இருக்கும் என் அக்கா தைத்தது. சுங்குடித் துணி. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள்" என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் முகம் அப்படியே இருந்தது. குனிந்து, கவுனின் ஓரத்தில் இருந்த மஞ்சள் பொட்டைத் தொட்டுக் காட்டினார். புதுத்துணி உடுத்துமுன் மஞ்சள் தொட்டு வைப்போமே, அந்தப் பொட்டு. "இதில் இருக்கும் ஒரே கறை இதுதான். இதுவும் உங்கள் வீட்டிலிருந்து வந்தது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா பாராட்டவில்லை, புகார் சொல்கிறார். அட ஆண்டவனே, பிள்ளை சுத்தமாக இருப்பதற்குக்கூடவா ஒரு ஊரில் புகார் சொல்வார்கள்!

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு வரச்சொல்லி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னை நிற்க வைத்தார். உள்ளே குட்டையாக ஒரு மேசை, ஐந்து பிள்ளைகள். நாலு பிள்ளைகள் கேரட் கூழில் மணிக்கட்டு வரை கையை விட்டு வாயிலும் மூக்கிலும் தலைமுடியிலும் அப்பிக்கொண்டிருந்தன. மீனு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கேட்கவில்லை. சும்மா திறந்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். அவள் தட்டில் கூழ் ஆறி ஏடு கட்டிப் போயிருந்தது. பதினாலு மாதப் பிள்ளை, யாராவது ஊட்டுவார்கள் என்று பத்து நாளாக இப்படியே காத்திருந்திருக்கிறாள். நான் என்னடாவென்றால், வீட்டுக்கு வந்ததும் அவள் மடக்மடக்கென்று கஞ்சி குடிப்பதைப் பார்த்து, குளிர் நாட்டில் பசி நன்றாக எடுக்கிறது என்று அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மத்தியானம் நான் வந்து ஊட்டிவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு அஞ்சாறு வருஷம்" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதுதான் கணக்கு. நாலாம் வகுப்புப் படிக்கும்போதுகூட, நான் வீட்டுப்பாடம் எழுத எழுத, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்காதான் பருப்புச் சோற்றை உருட்டி என் வாயில் வைத்தாள். கத்ரின் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அது என்ன என்று தெரியாதது அந்த வாரம் முழுக்க என்னை அரித்தது.

விஷயம் இதுதான். பிள்ளையை இடத்துக்குப் பழக்கும் வாரங்களுக்கு இங்கே ஐன்கெவோனுங் என்று பெயர். அது முடிவதற்குள் மீனு தானாகச் சாப்பிடப் பழகாவிட்டால் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அழைத்துப் போய்விட வேண்டும். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவள் விடுப்பு முடிந்து, இப்போது பிள்ளை வளர்க்கும் விடுப்பில் இருப்பது நான். "பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சவா மாப்ள ஏரோப்ளேன் ஏறிப் போன?" என்று திருமங்கலத்துக் கூட்டாளி ஒருத்தன் போனில் பேசும்போதெல்லாம் கேட்பான். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் என் விடுப்பும் முடியப்போகிறது. பிள்ளை மத்தியானம் சாப்பிடவில்லையென்றால் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட வேண்டியதுதான். அதைவிட, என் பிள்ளை சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பட்டினி கிடக்கிறாள் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யார் பழக்கிய பழக்கம் இது? நான்தான். எனக்குப் பழக்கியது அக்கா. திருநகரில் அவள் வீட்டு மாடியில் இரண்டு தையல் மெஷின், கீழே அடுப்படியில் மாவு வறுக்கும் பெரிய வாணலி. கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, சிவப்பரிசி என்று வறுத்து அரைத்துச் சத்துமாவு போடுவாள். மாடியில் பஃப் கை, முதுகில் பொத்தான், அதே துணியில் தலைக்கு பேண்ட் என்று குட்டிப் பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பாள். எல்லாம் வாட்ஸப் வியாபாரம்தான். அவள் மகன் படித்து முடித்து வேலைக்குச் சென்னை போனபிறகு ஆரம்பித்தது. எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பார்சல் வரும். மேலே கவுன், அடியில் மாவு. பிரித்தால் வறுத்த கம்பு வாசனையோடு துணி வரும்.

பார்சலோடு சட்டதிட்டமும் வந்தது. கஞ்சி நேரத்துக்கு வீடியோ கால் போட வேண்டும். பிள்ளை புதுக் கவுன் போட்டிருக்க வேண்டும். கடைசியில் காலிக் கிண்ணத்தைக் காட்ட வேண்டும். "கிண்ணத்தச் சாச்சுக் காட்டுடா. அடியில ஒட்டிக் கிடக்குல்ல, அதையும் வழிச்சுக் குடு" என்பாள். மீனு கிண்ணத்துக்குக் கையை நீட்டினால் போதும், அங்கே திருநகரில் இருந்து ஒரு சத்தம் வரும். "டே, கையப் பிடி, கையப் பிடி! கவுன்ல ஆயிரும்!" நான் இடது கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஊட்டுவேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஏழெட்டு மாதம். நல்ல சோறும் நல்ல துணியும் போட்டுத்தான் வளர்த்தோம். ஆனால் அந்தத் துணி அழுக்காகக் கூடாது என்பதற்காக, சோற்றைத் தொடவே விடவில்லை.

வீட்டில் பழக்கிப் பார்த்தேன். பருப்புச் சோற்றுக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தாள். நான் கல்லு மாதிரி இருந்தேன். அவள் உதடு பிதுங்கியது. அவ்வளவுதான், ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை, நான் உருட்டி ஊட்டிவிட்டேன். நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் கத்ரின், "அவளுக்குப் பழைய உடுப்பு ஏதாவது கொண்டு வாருங்கள்" என்றார். பழைய உடுப்புக்கு நான் எங்கே போவேன்? அலமாரி முழுக்க அக்காவின் கவுன். இல்லையென்றதும் அவர் காப்பகத்துப் பெட்டியில் இருந்து சாயம் போன ஒரு நீலச் சட்டையை எடுத்து மீனுவுக்கு மாட்டினார். காலரில் வேறு ஏதோ பிள்ளையின் பெயர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளை என்ன துணிக்கு வக்கற்றுப் போயா வந்திருக்கிறது? வாய் வரை வந்ததை ஜெர்மனில் சொல்லத் தெரியாமல் விழுங்கினேன். அப்புறம்தான் யோசித்தேன். பச்சைப்பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையை வாங்கிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மீனு பிறந்தபோதும் அப்படித்தான், அக்கா தன் மகனின் பழைய சட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து அனுப்பினாள். அவள் செய்தால் வழக்கம், இந்தம்மா செய்தால் அவமானமா?

அந்த ஊர்பேர் தெரியாத சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் மீனு கூழுக்குள் விரலை விட்டாள். விரலைப் பார்த்தாள். நக்கினாள். அப்புறம் முழுக்கையும் உள்ளே போனது. அன்றைக்கு எங்கள் கொக்கியில் பை கனத்தது. நான் அதை அக்கம்பக்கம் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் மீனுவுக்குக் காது குத்த வேண்டும் என்று ஊரில் நாள் குறித்துவிட்டார்கள். எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி. என் மனைவிக்கு ஒரு வாரம்தான் லீவு, எனக்கும் மீனுவுக்கும் நாலு வாரம். திரும்பி வந்த பத்தாம் நாள் நான் வேலைக்குப் போக வேண்டும்.

மதுரையில் இறங்கியதில் இருந்து அக்கா காத்திருந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பிறந்ததில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த வாய்க்குத் தன் கையால் ஒரு வாய் ஊட்ட வேண்டும். குழைய வடித்த சோறு, பாசிப்பருப்பு, நெய் எல்லாம் பிசைந்து கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். மீனு அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்துக்குள் கையை விட்டாள். அக்கா சிரித்தாள். இரண்டாம் நாளும் தள்ளினாள். மூன்றாம் நாள் அக்கா சிரிக்கவில்லை.

"என்னடா தம்பி, எங்கைல வாங்க மாட்டேங்குது?"

"அவளே சாப்பிடப் பழகிட்டாக்கா. அங்கன அப்படித்தான் இருக்கணும்."

"அம்மையப்பன் ரெண்டு பேர் இருந்தும், பிள்ள தானா அள்ளித் திங்கணும்னு என்ன தலையெழுத்து? எம்புட்டு ஆசையா இருந்தேன். ஒருத்திட்ட விட்டு எங்கைய வேத்துக் கையாக்கிட்டீகளேடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மாடியில் தையல் மெஷின் வெகுநேரம் ஓடியது. எனக்கு வந்த எரிச்சல் யார்மேல் என்று எனக்கே புரியவில்லை. அங்கே போனால் ஊட்டியது தப்பு. இங்கே வந்தால் ஊட்டாதது தப்பு. நடுவில் நான் ஒருத்தன், இரண்டு பக்கமும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காதுகுத்தன்று அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவாடை. அக்கா ராப்பகலாகத் தைத்தது, ஜாக்கெட் கையில் குட்டிக் குட்டியாக மணி. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி முடிந்ததும் பிள்ளை கதறினாள். அழுது ஓய்ந்து பந்தியில் என் மடியில் இருந்தவள், இலையில் சாம்பார் விழுந்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். சுற்றிலும் சத்தம். "ஏய் பாப்பா, பட்டு, பட்டு!" எதிரே அக்கா சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

நான் மீனுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

திமிறினாள். அழுதாள். அழத் திறந்த வாயில் அக்கா உருண்டையை வைத்தாள். மென்றாள். இரண்டாவது வாய்க்குத் திமிறல் குறைந்தது. மூன்றாவதற்குத் தானாக வாயைத் திறந்தாள். "பாத்தியாடா, வாங்கிருச்சு! ராசாத்தி வாங்கிருச்சு!" என்று அக்கா பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவள் கண்ணில் நீர் கோத்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை விடு என்று யார் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். அதற்கப்புறம் இருந்த மூன்று வாரமும் அக்கா கைதான். பட்டில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

திரும்பி வந்து காப்பகத்துக்குப் போன முதல் நாள் பை காலி. இரண்டாம் நாளும் காலி. நான் கத்ரினின் முகத்தைப் பார்க்காமல் கவுனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஊரில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். "எல்லாரையும் பார்த்தோம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அக்கா சந்தோஷப்பட்டாள் என்பதை எந்த மொழியில் இவரிடம் சொல்வது?

இன்றைக்கு நாலாம் நாள். வருகிற திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக வேண்டும். மத்தியானம் கத்ரின் மறுபடியும் என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். மீனு அந்தச் சாயம் போன நீலச் சட்டையில் இருந்தாள். காதில் புதுக் கம்மல். அவள் வலது கை கேரட் கூழுக்குள் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தக் கை மேலே வரவில்லை. கூழுக்குள்ளேயே கிடந்தது. அவள் முதுகை நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி, யாரோ வரப்போகிறார்கள் என்பது போல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது உள்ளே போகாதீர்கள். அவளே செய்வாள்" என்றார் கத்ரின் என் தோளைத் தொட்டு.

நான் போகவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையாமல்தான் நின்றேன். கீழே பார்த்தால், என் வலது கை ஐந்து விரலையும் குவித்து, இல்லாத சோற்றை உருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.